வெயிலில் கெட்டு, மழையில் நிற்கும் வைப்பர்

மறைமலை நகரைத் தாண்டும்போது தூறல்தான். ஊரப்பாக்கம் வருவதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் கார்த்திகை மழை எப்படி இறங்கும் என்று அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் காரின் வைப்பர் முதலில் முனகியது. பிறகு ஒவ்வொரு வீச்சுக்கும் யோசித்து யோசித்து நகர்ந்தது. வண்டலூரை நெருங்கும்போது, கண்ணாடியின் நட்டநடுவில் நிமிர்ந்தபடி நின்றே போனது. ஃபியூஸ் எரிந்திருந்தது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு கண்ணாடியெங்கும் கரைந்து வழிந்தது. ஓரம் கட்டி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் இரண்டு பக்கமும் புதுப் பிளேடு மாட்டியிருந்தேன்.

கார் எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. 20 வயதைத் தாண்டிய வண்டி. அந்த வயதில் வரும் கோளாறுக்குச் செய்தவனைக் குறை சொல்வது நியாயமில்லை.

மறுநாள் குரோம்பேட்டையில் வழக்கமாகப் போகும் பட்டறை. பட்டறைக்கார பாய் சாவியை வாங்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, “பிளேடு எதுக்கு சார் மாத்துனீங்க?”

“சரியாத் தொடைக்கல பாய். கோடு கோடா விட்டுச்சு. மெதுவாவும் ஓடுச்சு.”

“கோடு விட்டா பிளேடு. மெதுவா ஓடுனா பிளேடு என்ன சார் பண்ணும்?”

பானெட்டைத் தூக்கினார். கண்ணாடிக்கு அடியில் கைவிட்டு, தட்டை ஸ்குரு டிரைவரால் நெம்பி, வைப்பர் கைகளை இணைக்கும் கம்பிகளை ‘டக் டக்’ என்று கழற்றினார். பயணி பக்கத்துக் கையை ஒரு விரலால் தள்ளினார். கேட் மாதிரி ஆடியது. ஓட்டுநர் பக்கத்துக் கையை என்னைத் தள்ளச் சொன்னார். இரண்டு கையாலும் தள்ளினேன். சிரமப்பட்டுத்தான் கொஞ்சம் அசைந்தது.

“கழுத்துப் பிடிச்சிருக்கு சார்” என்றார்.

அந்தக் கழுத்துதான் இந்தக் கட்டுரை.

கண்ணாடிக்குக் கீழே என்ன இருக்கிறது

வைப்பர் என்றால் நமக்கு ரப்பரும் அதைப் பிடித்திருக்கும் கையும்தான் நினைவுக்கு வரும். வெளியே தெரிவது அவ்வளவே. உள்ளே ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார் இருக்கிறது. அதன் அச்சின் நுனியில் திருகு மாதிரி வெட்டிய பல். அது ஒரு நைலான் பல்சக்கரத்தைச் சுற்றும். மோட்டாரின் வேகம் அங்கே குறைந்து பலமாக மாறுகிறது. பல்சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு குட்டை இரும்புக் கை, நீளமான லிங்க் கம்பிகளை முன்னும் பின்னும் தள்ளும். கம்பிகளின் முனையில் குமிழும் கிண்ணமுமாக நைலான் புஷ்கள். கம்பி தள்ளத் தள்ள, கண்ணாடிக்குக் கீழே தகட்டைத் துளைத்து மேலே வரும் இரண்டு எஃகு ஷாஃப்டுகள் இடமும் வலமும் திரும்பும். அந்த ஷாஃப்டின் தலையில்தான் வைப்பர் கை உட்காருகிறது.

ஷாஃப்டைச் சுற்றி ஒரு குழாய் உறை. பல வண்டிகளில் அது அலுமினியக் கலவையில் வார்த்தது. எஃகும் அலுமினியமும் உரசும் இடத்தில் கம்பெனி வைத்த கிரீஸ் ஒரு மெல்லிய படலம். மேலே ஒரு ரப்பர் வளையம், அதன் மேல் ஒரு மூடி. பாய் சொன்ன கழுத்து இதுதான். மழைத் தண்ணீர் வழிந்து முதலில் சேருவதும் இங்கேதான்.

வைப்பர் மழையில் கெடுகிறது என்று நாம் நினைக்கிறோம். அது கெடுவது வெயிலில். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதத்தில் விழுந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் ஓரிரு கோடை மழை, சில மாலை மழை தவிர வைப்பருக்கு வேலையே கிடையாது. கிரீஸ் என்பது எண்ணெயைச் சோப்பு போன்ற ஒரு பொருளில் ஊறவைத்த கலவை. சித்திரை, வைகாசி வெயிலில் எண்ணெய் கசிந்து போய்விடும். சோப்பு மட்டும் காய்ந்து வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மேலே இருக்கும் ரப்பர் வளையம் வெடிக்கும். வெடிப்பு வழியாகத் தூசி இறங்கும். ஆனியில் பெய்யும் ஒரு மழை, அந்தத் தூசியைச் சேறாக்கி உள்ளே கொண்டுபோகும். பிறகு மறுபடி வெயில். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். பூத்த இடம் உப்பும், ஷாஃப்டை இறுக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போல உப்புக்காற்று படும் இடத்தில் நிற்கும் வண்டிக்கு இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு ஐப்பசி பிறக்கிறது. நாம் கடைக்குப் போய்ப் பிளேடு வாங்குகிறோம்.

மோட்டார் பாவம், கடைசி வரை தள்ளிப் பார்க்கும். கழுத்து இறுகினால் அது மெதுவாகும், மெதுவாகும் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், சூடேறும், ஒருநாள் ஃபியூஸ் போகும். அந்த நேரத்தில் பெரிய ஃபியூஸைப் போடுவது, சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிச் செருகுவது போன்ற கெட்டிக்காரத்தனத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். கையை வலுக்கட்டாயமாகக் கண்ணாடி மேல் தள்ளிப் பார்ப்பதும் தவறு. திருகுப் பல்லை மோட்டார்தான் சுற்ற முடியும், எதிர்த் திசையிலிருந்து சுற்ற முடியாது. நீங்கள் தள்ளினால் உள்ளே நைலான் பல் உடையும். பாய் முதலில் லிங்க்கைக் கழற்றிவிட்டு என்னைத் தள்ளச் சொன்னதன் காரணம் அதுதான்.

ஒரு நாள் வேலை

“முழு செட்டும் மாத்திடலாமா பாய்?” என்று கேட்டேன்.

“கெடச்சா மாத்துங்க.”

கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். உற்பத்தி நின்ற வண்டிகளுக்கு இன்ஜின் சாமான் கிடைத்தாலும் இப்படிப்பட்ட சில்லறைச் சாமான்தான் முதலில் மறையும். பிரீமியர் பத்மினி 2001-ஓடு நின்றது. அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-ல் நின்றன. புதுப்பேட்டைக்குப் போனால் உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய வைப்பர் செட் கிடைக்கலாம். ஆனால் அதுவும் உங்கள் வண்டியைப் போலவே அத்தனை வெயில் பார்த்தது. அதன் கழுத்து மட்டும் எப்படி நன்றாக இருக்கும்? சரிசெய்வதுதான் வழி.

முதல் வேலை அடையாளம் வைப்பது. வைப்பர் படுத்திருக்கும் இடத்தில், பிளேடை ஒட்டிக் கண்ணாடி மேல் பேப்பர் டேப் ஒட்டினார். திரும்ப மாட்டும்போது கை எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. பிறகு மூடியைத் தூக்கி நட்டைக் கழற்றினார். நட்டு வந்தது; கை வரவில்லை. ஷாஃப்டின் தலையில் நுண்ணிய பற்கள் உண்டு, அவற்றில் கை கவ்விக்கொண்டிருக்கும். இங்கேதான் நிறைய பேர் ஸ்குரு டிரைவரைக் கொடுத்துக் கண்ணாடிக்கு அருகில் நெம்புவார்கள். ஒரு வைப்பருக்காகக் கண்ணாடியே போகும். பாய் கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து மூட்டின் மேல் ஊற்றினார், துரு நீக்கும் எண்ணெய் அடித்தார், டீ குடிக்கப் போனார். வந்து, கையை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினார். வந்துவிட்டது. டீ நேரமும் வேலையில் சேர்த்திதான்.

மோட்டாரைப் பிடித்திருந்த போல்ட்டுகள், கழுத்துகளைப் பிடித்திருந்த பெரிய நட்டுகள், எல்லாம் கழன்ற பிறகு மொத்தச் சட்டமும் நண்டு மாதிரி வளைந்து நெளிந்து வெளியே வந்தது. பழைய பேப்பரை விரித்து வைத்தோம்.

சட்டம் வெளியே வந்ததும் ஒரு புதையல் கிடைத்தது. கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் தண்ணீர் வடிய இரண்டு ஓரத்திலும் துளைகள் உண்டு. என் கார் நிற்பது ஒரு பெருங்கொன்றை மரத்தடியில். மஞ்சள் பூக்களும் நெற்றுத் துணுக்குகளும் மக்கி, துளைகள் இரண்டும் எருக்குழி மாதிரி அடைந்திருந்தன. மோட்டார் ஒவ்வொரு மழைக்கும் குளத்தில் நின்றிருக்கிறது. பழைய பைக் கிளட்ச் கேபிளை உள்ளே விட்டுக் குடைந்ததும், காரின் அடியில் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. மழைக்காலத்தில் காலுக்குக் கீழே மிதியடி நனைவதற்கு நான் கதவு ரப்பரைத்தான் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிடித்த ஷாஃப்டைக் கழற்றுவதுதான் இதில் கஷ்டமான பகுதி. மேலே ஒரு சிறு வளையக் கிளிப், அதன் கீழே காகிதக் கனத்தில் வாஷர்கள். கழற்றிய வரிசை மாறாமல் கம்பியில் கோத்து வைத்தார். நட்டை ஷாஃப்டின் தலையோடு சமமாகத் திருகி, அதன் மேல் மரத்துண்டு வைத்துத் தட்டினார். நட்டு போடாமல் தட்டினால் மரை நசுங்கும். பிறகு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. வரவில்லை. சூடான காற்று ஊதும் துப்பாக்கியால் உறையைச் சூடாக்கினார். கேஸ் தீயை வைத்தால் பக்கத்திலிருக்கும் நைலான் உருகும். அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும். அந்த இடைவெளி போதும். மூன்றாவது சூட்டில் ஷாஃப்ட் இறங்கியது. அதன் உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி, நடுவில் பழுப்பு வார்னிஷ்.

அதற்குப் பிறகு எல்லாம் சுத்தம் செய்யும் வேலை. மண்ணெண்ணெயில் ஊறல், 600 நம்பர் எமரி பேப்பரில் மெல்லிய தேய்ப்பு, உறைக்குள் துணி. தேய்க்கிறேன் என்று ஷாஃப்டை இளைக்கவைத்துவிடக் கூடாது. ஆட்டம் வந்தால் தண்ணீர் அதன் வழியாகவே இறங்கும். தண்ணீரில் கரையாத லித்தியம் கிரீஸ், பம்பு சாமான் கடையில் வாங்கிய புது ரப்பர் வளையம். கடைசியாக பாய் ஒன்று செய்தார். உறையின் பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், டிரில்லால் 2 மில்லிமீட்டருக்கு ஒரு துளை போட்டு, அதை ரப்பர் அடைப்பால் மூடினார். “இனிமே கழட்ட வேணாம் சார். ஊசியில எண்ணெய் எடுத்து இதுல நாலு சொட்டு விடுங்க.” கம்பெனிக்காரன் ஏன் இதை முதலிலேயே செய்யவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

லிங்க் கம்பியின் ஒரு புஷ் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. வைப்பர் திரும்பும்போது ‘லொடக்’ என்று கேட்டால் காரணம் இதுவே. முற்றினால் ஓடும்போதே கம்பி கழன்று ஒரு கை மட்டும் செத்துவிழும். ரெடிமேடாகக் கிடைக்கவில்லை. தெருமுனை லேத் பட்டறையில் நைலான் கம்பியைக் கடைந்து அரை மணியில் கொடுத்தார்கள்.

மோட்டாரின் ஞாபகசக்தி

மோட்டாரைத் திறக்கலாமா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நன்றாக ஓடுவதைத் திறக்காதே என்பது ஒரு கட்சி. 20 வருடமானால் கட்டாயம் திற என்பது பாயின் கட்சி. திறந்து பார்த்த பிறகு நானும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டேன். பல்சக்கரத்தைச் சுற்றி இருந்த கிரீஸ் ஓரத்தில் மெழுகுச் சுவராக நின்றிருந்தது, பற்களில் ஒரு துளி இல்லை.

உள்ளே மூன்று கார்பன் பிரஷ்கள். எதிரெதிரே நிற்கும் இரண்டும் மெதுவான வேகத்துக்கு. தள்ளி நிற்கும் மூன்றாவது வேகமான ஓட்டத்துக்கு. மெதுவாக ஓடுகிறது, வேகம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் இந்த மூன்றாவது ஆள் தேய்ந்திருக்கலாம். பிரஷ் உரசும் செம்புப் பட்டை கறுத்திருந்தால் மெல்லிய கண்ணாடித் தாளால் துடைத்து, இடுக்கில் சேர்ந்த தூளைக் குச்சியால் எடுக்க வேண்டும். மோட்டார் கூட்டைச் சுத்தியலால் தட்டக் கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் பீங்கான் மாதிரி, விரிசல் விட்டுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது பார்க்கிங் அமைப்பு. சுவிட்சை எந்த இடத்தில் அணைத்தாலும் வைப்பர் போய்த் தன் இடத்தில் படுத்துக்கொள்கிறதே, எப்படி? பல்சக்கரத்தின் முதுகில் ஒரு பித்தளை வட்டு. அதில் ஒரு இடத்தில் மட்டும் வெட்டு. அதன் மேல் ஒரு மெல்லிய தகடு உரசிக்கொண்டே போகும். நீங்கள் சுவிட்சை அணைத்த பிறகும் இந்தத் தகடு வழியாக மின்சாரம் வந்துகொண்டிருக்கும். வெட்டு வந்ததும் மின்சாரம் அறுந்து, மோட்டாரின் இரு முனையும் எர்த்தில் சேரும். சுழலும் மோட்டாருக்கு அதுவே பிரேக். அந்தப் பித்தளையில் அழுக்குப் படிந்தால் வைப்பர் கண்ட இடத்தில் நிற்கும், அல்லது நிற்காமல் ஓடும்.

அதனால் திரும்ப மாட்டும்போது ஒரு ஒழுங்கு உண்டு. வைப்பர் கைகளை மாட்டாமல் மோட்டாரை ஒருமுறை ஓட்டி, சுவிட்சை அணைத்து, அது தன் இடத்துக்கு வந்து நின்ற பிறகுதான் கைகளை, டேப் ஒட்டிய கோட்டுக்கு நேராக, மாட்ட வேண்டும். அவசரத்தில் மாற்றிச் செய்தவர்களின் வைப்பர்கள் ஓரத் தூணில் மோதும், சில சமயம் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் கூட்டுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் வைத்தார். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். பழைய வண்டிகளில் ஏராளமான ‘வீக்கான மோட்டார்கள்’ இப்படி ஒரு துருப்பிடித்த போல்ட்டுக்காகத் தூக்கி எறியப்பட்டவை.

ஜன்னலைத் திறந்து ஓட்டிய காலம்

வைப்பர் வந்த கதையும் சுவையானதுதான். 1902-03 பனிக்காலத்தில் அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி, நியூயார்க்கில் டிராமில் போனார். ஓட்டுநர் பனி படிந்த கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்தார். உள்ளிருந்தே ஒரு பிடியை இழுத்தால் வெளியே ரப்பர் துடைக்கும் கருவிக்கு 1903 நவம்பர் 10-ல் காப்புரிமை வாங்கினார். கனடாக் கம்பெனி ஒன்று, இது விலைபோகாது என்று திருப்பி அனுப்பியது. 1920-ல் காப்புரிமை காலாவதி. 1922-ல் காடிலாக் தன் கார்களில் வைப்பரை நிரந்தரப் பகுதியாக வைத்தது. அம்மையாருக்கு ஒரு காசும் வரவில்லை.

பிறகு இன்ஜின் உறிஞ்சும் காற்றால் ஓடும் வைப்பர்கள் வந்தன. மேடேறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உறிஞ்சல் குறையும், வைப்பர் தூங்கிவிடும். பிரான்ஸின் சிட்ரோயன் 2சிவி-யின் ஆரம்பகால வண்டிகளில் ஸ்பீடாமீட்டர் கேபிள்தான் வைப்பரையும் ஓட்டியது; வண்டி நின்றால் கையால் சுற்ற வேண்டும். விட்டு விட்டுத் துடைக்கும் வைப்பரைச் செய்த ராபர்ட் கேர்ன்ஸ், கண் இமைப்பதைப் பார்த்து அந்த யோசனைக்கு வந்தவர். அந்த யோசனையை எடுத்துக்கொண்டதாக ஃபோர்டு மேல் 1978-ல் வழக்குப் போட்டு, 1990-ல்தான் சுமார் 1 கோடி டாலர் பெற்றார்.

மோரிஸ் மைனர் மாதிரி பிரிட்டிஷ் வண்டி வைத்திருக்கும் பழைய கார்ப் பிரியர்களுக்கு ஒரு குறிப்பு. அவற்றில் லிங்க் கம்பி கிடையாது. திருகுச் சுருள் சுற்றிய கேபிள் ஒன்று குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடி, இரண்டு சிறு பல்சக்கரங்களைத் திருப்பும். லூகாஸ் கம்பெனியின் ஏற்பாடு. அந்தச் சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றுவதே இல்லை. ஒரு பக்கப் பல் மட்டும் தேயும். கழற்றி, பாதிச் சுற்றுத் திருப்பி மாட்டினால், தேயாத பல் வேலைக்கு வரும். காசே இல்லாமல் புதுச் சக்கரம்.

எண்ணிப் பாருங்கள்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 101-வது விதி, கண்ணாடி உள்ள வண்டிக்கு இயந்திர விசையில் நன்றாக இயங்கும் வைப்பர் இருக்க வேண்டும் என்கிறது. சொந்தக் கார்களுக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும், அப்போது வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நான் போன இரண்டு முறையும் வைப்பர் அசைகிறதா என்று பார்த்தார்கள். எத்தனை முறை அசைகிறது என்று யாரும் எண்ணவில்லை.

எண்ண வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்பு விதி 104, வைப்பருக்கு இரண்டு வேகம் வேண்டும், வேகமானது நிமிடத்துக்குக் குறைந்தது 45, மெதுவானது குறைந்தது 20 என்கிறது. போய்த் திரும்பினால் ஒன்று. 45 என்று வைத்தால் ஒரு மணி நேர மழைக்கு 2,700 முறை. 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது போன்ற மழையில், அத்தனை முறையும் அந்தக் கழுத்து திரும்பியாக வேண்டும்.

என் வண்டியைக் கழற்றுவதற்கு முன், புது ஃபியூஸ் போட்டுக் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணியபோது, வேகமான ஓட்டத்தில் 28 வந்தது. மாட்டி முடித்து விளக்கு வைக்கும் நேரத்தில் எண்ணினோம்: 51. செலவு, நான் வாங்கிய பிளேடு ஜோடியைவிடக் கொஞ்சம் அதிகம். பிளேடுகளை அவர் மாற்றவில்லை. கோடு விட்டதற்குக் காரணம் கையின் நுனி முறுகியிருந்ததுதான்; பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும்படி இடுக்கியால் ஒரு சிறு திருப்பு.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வாரத்தில், ஒரு குவளைத் தண்ணீரோடு காரிடம் போங்கள். காய்ந்த கண்ணாடியில் ஓட்டாதீர்கள். நனைத்துவிட்டு, வேகத்தில் வைத்து, ஒரு நிமிடம் எண்ணுங்கள். 45-க்குக் கீழே வந்தால் பிளேடு கடைக்குப் போக வேண்டாம். பட்டறைக்குப் போய், கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.